கட்டாத காப்பு

சூலூரில் ஒரு தறிக்குடோனின் மேல்மாடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவ்வப்போது கூடுவதுண்டு. சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் கட்டுரை வாசித்தார். கணினி விளையாட்டுகளில் வரும் மந்திரத் தாயத்து பற்றியது. வாசித்து முடிப்பதற்குள்ளேயே சிரிப்பு எழுந்துவிட்டது. மூத்த கவிஞர் ஒருவர், "இதெல்லாம் பொடுசுக ஆட்டமுங்க தம்பி, நம்ம பத்திரிகைக்கு எதுக்குங்க?" என்றார். பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவோடு விஷயமும் முடிந்தது. கட்டுரையைப் பிரசுரிப்பதில்லை என்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, முடிவாகிவிட்டது. இளைஞர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த முடிவை எதிர்த்து எழுதுகிறேன். கட்டுரையின் கட்சியில் நான் நிற்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதன் வாதம் தவறானது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தவறான வாதத்துக்குப் பதில் வாதம்தான். நாம் கொடுத்தது சிரிப்பு. சிரித்தவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது, சிரிக்கப்பட்டவரிடமும் இருக்கிறது.

முதலில் சிரித்தவர்கள். காப்பு என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் நம் பழைய நூல்களில் எத்தனையோவற்றின் முதல் பக்கம் காலியாகிவிடும். நூல் இடையூறின்றி முடிய வேண்டுமென்று தொடங்கும் செய்யுளுக்கே காப்பு என்று பெயர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். குழந்தை இன்னும் செங்கீரை ஆடத் தொடங்கவில்லை, அதற்குள் திருமால் தொடங்கித் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்துத் தொட்டிலைச் சுற்றிக் காவல் நிறுத்துகிறான் புலவன். மணிமேகலையில் குழந்தைகள் ஐம்படைத் தாலி அணிந்து வருகிறார்கள். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்ற ஐந்து ஆயுதங்களைச் சிறிதாகச் செய்து கோத்த கழுத்தணி அது. ஒரு தேவனின் ஆயுதச்சாலை முழுவதும் கைக்குழந்தையின் மார்பில் தொங்குகிறது. இந்த மரபின் சொத்தை அனுபவித்துக்கொண்டே தாயத்து என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்கிறவர், தம் வீட்டு நிலைப்படியையே பார்த்துச் சிரிக்கிறார்.

நாங்கள் தாயத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கணினியைப் பார்த்துச் சிரித்தோம் என்று சொல்லலாம். சினிமாவைப் பற்றியும் இதே வட்டங்களில் இதே சிரிப்பு ஒரு காலத்தில் இருந்தது. பிறகு அதே வாய்கள்தான் பெர்க்மன் என்றன, சத்யஜித் ராய் என்றன. ஒரு ஊடகம் மூப்படைந்து, அயல்நாட்டு அங்கீகாரமும் பெற்று வரும்வரை காத்திருந்து, பிறகு வாசலில் போய் வரவேற்பதற்குப் பெயர் ரசனையா? கல்யாண வீட்டில் கார் பார்த்துச் சந்தனம் கொடுக்கிறவர்கள் செய்யும் காரியம் அது.

இல்லை, எங்களுக்குப் பகுத்தறிவு, தாயத்தே எங்களுக்கு ஆகாது என்று சிலர் சொல்லக்கூடும். அன்று நாம் உட்கார்ந்திருந்த மாடிக்குக் கீழே, தறிக்குடோன் வாசலில், திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே, 2018 முதல் சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் தேஜஸ் விமானங்களில் ஒன்று பேச்சைக் கேட்க விடாமல் போயிற்று. அறிவியலின் உச்சம் என்று அதைக் காட்டுவீர்கள். 2019 அக்டோபரில் பிரான்ஸில் முதல் ரஃபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்ட நம் பாதுகாப்பு அமைச்சர் அதன் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்ததை உலகமே பார்த்தது. திருச்சி ரோட்டில் புதிதாக எடுத்த லாரிக்கு வைப்பதும் அதே பழம்தான். காப்புப் பொருள் என்ற கற்பனை செத்துப்போன ஒன்றல்ல. நம்மைச் சுற்றிக் கீழும் மேலும் அது உயிரோடு வேலை செய்கிறது. அதை ஆராய வந்த ஒருவரைச் சிரித்து அனுப்பியதால் நமக்குப் பகுத்தறிவு வந்துவிடவில்லை. ஆராயும் சிரமம் மிச்சமாயிற்று, அவ்வளவுதான்.

இனி இளைஞரிடம் வருகிறேன்.

அவருடைய வாதம் சுருக்கமாக இது: ஐம்படைத் தாலி, கர்ணனின் கவசம், கந்தர் சஷ்டி கவசம், இன்றைய விளையாட்டுத் தாயத்து எல்லாம் ஒரே கொடியின் காய்கள், தொன்மம் செத்துவிடவில்லை, திரைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது, ஆகவே விளையாட்டுதான் நம் காலத்தின் காவியம். கேட்க இனிமையாக இருக்கிறது. இப்படி இனிமையாக இருப்பவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். உருவ ஒற்றுமையைப் பார்த்ததும் உறவு கொண்டாடுவது நம் விமர்சனத்தின் பழைய வியாதி. இங்கே எதைப் பார்த்தாலும் அங்கே இருப்பதுபோல் இருக்கிறது என்போம். அங்கே எதைப் பார்த்தாலும் இங்கே முன்பே இருந்தது என்போம். இரண்டிலும் எதையும் பார்ப்பதில்லை.

விளையாட்டுத் தாயத்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடுவது. போர்க்கள ஆட்டங்களின் வழியில் வந்ததால் அதில் கவசத்துக்கு ஓர் எண் உண்டு. எதிரி பகடை உருட்டுவான். அந்த எண்ணைப் பொறுத்து அடி படும், அல்லது படாது. காப்பு மோதிரம் என்று ஒன்று அந்த முதல் வெளியீட்டிலேயே இருக்கிறது. அதை விரலில் போட்டால் எண் ஒரு படி சாதகமாக மாறும். அங்கிருந்து கணினிக்கு வந்தபோது பகடையைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். எண் மட்டும் அப்படியே இருந்தது. இன்றைய விளையாட்டுகளில் தலைக்கொன்று, மார்புக்கொன்று, கைக்கொன்று, காலுக்கொன்று, கழுத்துக்கொன்று என்று உடம்பில் பொருள் மாட்டும் இடங்கள் இருக்கின்றன. இதைவிட நல்ல எண்ணுள்ள பொருள் கிடைத்தால் பழையதைக் கழற்றிக் கடையில் விற்றுவிடுவான் ஆடுகிறவன்.

இந்த உடம்பு வரிசையைக் கண்டுதான் இளைஞர் கந்தர் சஷ்டி கவசத்துக்குத் தாவினார். அங்கேயும் முகம், நெற்றி, கண், செவி என்று அங்கம் அங்கமாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேல் காவலுக்கு அழைக்கப்படுகிறது. உண்மைதான். நம் சென்னிமலையில் அரங்கேறியதாக மரபு சொல்கிற பாட்டு அது. ஆனால் இளைஞர் பாட்டை வரிசைப் பட்டியலாகப் பார்த்தார், பாட்டாகப் பார்க்கவில்லை. தேவராய சுவாமிகள் உடம்போடு நிற்பதில்லை. பாம்பு, தேள், பூரான் என்று போகிறது, பேய் பிசாசு என்று போகிறது, சிரங்கு வரைக்கும் போகிறது. மருத்துவமனை இல்லாத காலத்தில், விளக்கில்லாத இரவில், ஒரு கிராமத்து மனிதன் எவற்றுக்கெல்லாம் பயந்தான் என்பதன் முழு ஜாப்தா அது. பயத்தைப் பெயர் சொல்லி அழைக்கும் தைரியம் அந்தப் பாட்டின் கவித்துவம். அதைச் சொல்கிறவன் தன் ஒவ்வோர் உறுப்பும் அடிபடக்கூடியது என்பதை வாயால் ஒப்புக்கொண்டே போகிறான். விளையாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. பொருளை மாட்டிய கணத்திலிருந்து அந்த உறுப்பை மறந்துவிடலாம். மறப்பதற்காகத்தான் மாட்டுவதே.

நம் ஊரில் காப்பு என்பதற்கு என்ன வினைச்சொல் போடுகிறோம் என்று இளைஞர் யோசித்திருந்தால் போதும். காப்பு கட்டுகிறோம். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டியாயிற்று என்றால், கையில் மஞ்சள் கயிறு கட்டிய பூசாரிக்கு மட்டும் அது கட்டு அல்ல. ஊருக்கே கட்டு. வெளியூர் போய் ராத்தங்கக் கூடாது என்பார்கள். போனவன் பொழுதுசாயத் திரும்பிவிட வேண்டும். காப்பாற்றுகிற கயிறும் கட்டிப்போடுகிற கயிறும் இங்கே ஒரே கயிறு. மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து முடிந்து வாசலில் செருகுகிறோமே, அதுவும் வீட்டோடு நிற்பதில்லை. கட்டுத்தரைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. மாட்டுக்கும் பயிருக்கும் காப்பில்லாமல் மனிதனுக்குத் தனியாகக் காப்பு இல்லை. விளையாட்டுத் தாயத்துக்கு இந்தக் கட்டு கிடையாது. அது ஒருவனுடையது. அவனிடம் எதையும் கேட்பதில்லை. எங்கும் போகலாம், எதுவும் செய்யலாம், எண் குறையாது. கட்டாத காப்பு அது. வாங்குகிறவனுக்குச் சௌகரியம். சந்தைப் பொருளின் குணமே அந்தச் சௌகரியம்தான்.

இன்னொன்று. நம் காப்புகளுக்கெல்லாம் முடிவு உண்டு. நோம்பி முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விடுகிறார்கள், கைக்காப்பை அவிழ்க்கிறார்கள். எலுமிச்சை நசுங்கினால்தான் அதன் வேலை முடிந்தது. பூசணிக்காய் உடைய வேண்டும். அண்ணமார் கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் கிடைத்த வரமே பதினாறு வயது என்ற எல்லையோடுதான் கிடைக்கிறது. உடுக்கடிப் பாட்டு அந்த எல்லையை நோக்கித்தான் இரவிரவாக நகர்கிறது. கர்ணனின் கவசத்தை நினைத்துப் பாருங்கள். இந்திரன் பிராமண வேடத்தில் வருவான் என்று சூரியனே முன்கூட்டி எச்சரித்தும், கேட்டவனுக்கு உடம்போடு ஒட்டிப் பிறந்ததை அறுத்துக் கொடுக்கிறான். அதை அணிந்து அவன் வென்ற போர்களை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? அறுத்துக் கொடுத்த அந்த ஒரு காரியத்துக்காக அந்தக் கவசம் கதையில் இருக்கிறது.

புறநானூற்றின் 77-ஆம் பாட்டு இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. இடைக்குன்றூர் கிழார் தலையாலங்கானத்துப் போரில் நெடுஞ்செழியனைப் பார்க்கிறார். காலில் இருந்த கிண்கிணியைக் கழற்றிவிட்டு வீரக்கழல் கட்டியிருக்கிறான். ஆனால் கழுத்தில் சிறுவர் தாலியை இன்னும் களையவில்லை. பாலை விட்டுச் சோறு தின்றதே இன்றுதான். இந்த ஒரு விவரத்தில் அந்தப் பாட்டு முழுவதும் நிற்கிறது. களைந்திருக்க வேண்டிய காப்பைக் களையாமல் ஒரு பையன் போர்க்களத்தில் நிற்கிறான். புலவர் அதைப் பார்த்து வியக்கிறாரா, பதறுகிறாரா என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அந்தத் தாலி அவனைக் காத்தது என்று பாட்டு சொல்லவில்லை. அவன் எவ்வளவு சிறியவன் என்பதை அது சொல்கிறது. இங்கே காப்பு பலத்தின் அடையாளம் அன்று. இவனை யாரோ காத்து வளர்த்தார்கள் என்பதன் சாட்சி.

இவ்வளவும் சொன்ன பிறகு, விளையாட்டுத் தாயத்து வெறும் எண், ஆகவே தூக்கி எறியலாம் என்று முடித்துவிடுவது சுலபம். சிரித்தவர்கள் இந்த இடத்தில் கைதட்டத் தயாராக இருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைத் தருவதாக இல்லை. ஏனென்றால் இளைஞரின் கட்டுரையிலேயே அவர் வாதத்தைக் கவிழ்க்கிற, சிரித்தவர்களின் சிரிப்பையும் நிறுத்துகிற, ஓர் உதாரணம் இருந்தது. அவரும் அதைக் கவனிக்கவில்லை.

2006-இல் வந்து, 2025-இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட 'ஆப்லிவியன்' என்ற விளையாட்டில் 'அரசர்களின் தாயத்து' என்று ஒன்று வருகிறது. அரச வம்சத்துக்கும் ஒரு தேவனுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின் சின்னம். அரசன் முடிசூடி, அந்தத் தாயத்தின் துணையோடு கோயிலில் தீ ஏற்றினால்தான் மனிதர் உலகுக்கும் அசுர உலகுக்கும் நடுவே உள்ள தடுப்பு நிற்கும். கொலையாவதற்குச் சற்றுமுன் சக்கரவர்த்தி அதை ஆடுகிறவன் கையில் கொடுக்கிறார். நூறு மோதிரமும் தாயத்தும் மாட்டிக் கழற்றும் அந்த ஆட்டத்தில் இதை மட்டும் ஆடுகிறவன் அணிய முடியாது. போட்டுப் பார்த்தால் கழுத்தில் நிற்காது. இன்னொருவனுக்கு உரியதைச் சுமந்துகொண்டு அலைவதுதான் அவன் வேலை. கடைசியில், எல்லாத் தடுப்பும் தகர்ந்து அசுரன் நகருக்குள் வந்துவிட்ட நிலையில், அரச வாரிசு மார்ட்டின் அந்தத் தாயத்தை உடைக்கிறான். உடைத்ததால் கிடைத்த சக்தியில் பறவைநாகமாக மாறி அசுரனை வீழ்த்துகிறான், பிறகு கல்லாகிவிடுகிறான். தாயத்தும் போயிற்று, வம்சமும் போயிற்று, உலகம் பிழைத்தது.

இளைஞர் இதைச் சொன்னபோது அதன் பிரம்மாண்டத்தைத்தான் சொன்னார்: நாகம், அசுரன், பற்றியெரியும் நகரம். காவியம் என்று அவர் கண்டது அந்தச் சினிமாத்தனத்தை. எண் கணக்கால் ஆன ஓர் உலகத்துக்குள் எண்ணில்லாத ஒரு பொருள், உனக்கு உரியதல்ல என்று கழுத்திலிருந்து வழுக்கி விழுகிறதே, அந்த இடத்தை அவர் தாண்டிப் போய்விட்டார். அந்த இடத்தில்தான் அந்த விளையாட்டு இலக்கியத்தைத் தொடுகிறது. 1987-இல் வந்த 'நெட்ஹாக்' என்ற பழைய விளையாட்டில், படமே இல்லாமல் எழுத்துக் குறிகளால் ஆனதில், இன்னும் கூர்மையாக ஒன்று உண்டு. வழியில் கிடைக்கும் தாயத்து எந்தத் தாயத்து என்று பார்த்தால் தெரியாது. வடிவம் மட்டும்தான் தெரியும். உயிர்காக்கும் தாயத்தாக இருந்தால், சாகும் தருணத்தில் ஒரே ஒரு முறை காப்பாற்றிவிட்டுப் பொடியாகிவிடும். வேறொன்றாக இருந்தால் கழுத்தை நெரித்துக் கொல்லும். அணிகிறவன் தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் அணிகிறான். இதை எழுதிய நிரலர்கள் நம் புறநானூற்றைப் படித்திருக்க வேண்டியதில்லை. காப்பு என்பதைச் சற்று நேர்மையாக யோசிக்கிற எவனும் அதன் முடிவையும் அதன் ஆபத்தையும் யோசித்தாக வேண்டியிருக்கிறது.

ஆகவே எது நல்லது, எது போலி என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிரித்துச் சொல்லும் காரியத்துக்குத்தான் விமர்சனம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் மாடியேறிக் கூடுகிறோம். அன்று அதை யாரும் செய்யவில்லை. ஒருவர் மொத்தமாக வணங்கினார், மற்றவர்கள் மொத்தமாகச் சிரித்தார்கள்.

2020 ஜூலையில் நடந்ததை நினைவூட்டுகிறேன். ஒரு யூடியூப் சேனல் கந்தர் சஷ்டி கவசத்தைக் கேலி செய்தது. வழக்கு வந்தது, கைது வந்தது, வருடம் முடிவதற்குள் வேலேந்திய யாத்திரையும் வந்தது. அத்தனை மாத அமளியில், அது ஒரு பாட்டு, அதற்கு ஒரு கட்டமைப்பு உண்டு, அதன் பயங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று பேசிய குரல்கள் எத்தனை பேர் காதில் விழுந்தன? ஏசியவர்களுக்கு அது மூடிய தாயத்து. ஏந்தியவர்களுக்கும் மூடிய தாயத்து. அரக்கு வைத்து அடைத்த குழாய்க்குள் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக்கூடாது என்பதுதான் தாயத்தின் முதல் விதி. அந்த விதிக்கு இரு தரப்பும் கட்டுப்பட்டார்கள். நம்மைப் போன்ற பத்திரிகைகள் இருப்பது அந்த விதியை மீறுவதற்காக என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நம் கழுத்தில் என்ன தொங்குகிறது? கவிதைத் தொகுப்புக்குப் பெரிய பெயர் ஒருவரிடம் வாங்கிய முன்னுரை. அது இன்றைய காப்புச் செய்யுள். பழைய காப்புச் செய்யுளைப் புலவனே பாடினான், தன் பயத்தைத் தானே சொன்னான். இன்று அதையும் வெளியில் செய்து வாங்குகிறோம். கட்டுரை தொடங்குமுன் ஃபூக்கோ என்று ஒரு சொல், நடுவில் தெரிதா என்று ஒரு சொல். பிரித்துப் படித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். பெரும்பாலோர் அரக்கு உடையாமல் அணிந்திருக்கிறார்கள். எதிரியின் அடி எண்ணைத் தாண்டாது என்ற நம்பிக்கை. நெட்ஹாக்கின் இரண்டாவது தாயத்து இதில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது என்பதை அவரவர் கட்டுரையின் மூச்சுத்திணறலே சொல்லும். "நம்ம பத்திரிகைக்கு எதுக்குங்க" என்பதும் ஒரு தாயத்துதான். புதிய பொருள் எதுவும் நம்மைத் தொட்டுவிடாமல் காப்பது. ஒரு சிறுபத்திரிகைக்கு அதைவிட மோசமான காப்பு வேறில்லை. நாம் கூடுவதே அடிபடுவதற்குத்தான். அடிபட மனமில்லையென்றால், நடுநிலைத் தலையங்கமும் நான்கு பாராட்டுக் கடிதமுமாக எத்தனையோ பத்திரிகைகள் வருகின்றனவே, அவற்றில் ஒன்றாகிவிடலாம்.

இளைஞருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, விளையாட்டுத் தாயத்துக்குக் கர்ணனையும் நெடுஞ்செழியனையும் துணைக்கு அழைத்ததில் உங்கள் பயம் தெரிகிறது. இங்கே அது எடுபடாது என்று நினைத்து முன்கூட்டியே கட்டிக்கொண்ட காப்பு அது. அவர்களை அவிழ்த்துவிடுங்கள். இருநூறு மணி நேரம் ஆடியதாகச் சொன்னீர்கள். அந்தத் தாயத்து உங்கள் கையில் இருந்தும் உங்கள் கழுத்தில் நிற்காமல் விழுந்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதுங்கள். கட்டுரையில் இல்லாதது அது ஒன்றுதான்.

ஆசிரியர் குழுவுக்கு என் கோரிக்கை சிறியது. அந்தக் கட்டுரையை அடுத்த இதழில் பிரசுரியுங்கள். வாசித்தபடியே, திருத்தாமல், யாருடைய முன்னுரையும் இல்லாமல். அதற்கு அடுத்த பக்கத்தில் இந்த மறுப்பைப் போடுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் போட இடமிருக்கிறது என்றால், அவருடையதைப் போடுங்கள்.